பறிக்கயிறு

கூட்டத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரிந்தால்தான் யார் கை யாருக்கு எட்டும் என்பது புரியும்.

நாட்டாண்மை பெருமாள், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் முதுகில். அவருக்கு வலப்பக்கம், இறால் நிறுக்கும் கொட்டகையின் கம்பத்தில் சாய்ந்தபடி கருப்பன். அவன் காலடியில் ஒரு துடுப்பு கிடந்தது. அவனுக்குப் பின்னால் ஓலைத் தடுக்கில் அவன் மனைவி முனியம்மாள். அவள் மடியில் சின்னதம்பி என்கிற பதினோரு மாதக் குழந்தை. குழந்தை அவளுடையது அல்ல. இருபது அடி தள்ளி, வெயிலில், வெறும் மணலில் அம்மணி. குழந்தை இவளுடையது. இவளுக்குப் பின்னால் ஊர்ப் பெண்கள். நாட்டாண்மைக்குப் பின்னால் ஆண்கள். அவர்களில் முகத்தைச் சுற்றித் துணிக்கட்டு போட்டிருந்தவன் சாலமன். பன்னிரண்டு மணி பஸ்ஸில் கடிதத்தைக் கொண்டுபோக வந்த கண்டக்டர் துளசிங்கம் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை ஊன்றி நின்றார்.

நான் அமீர் ஜான். பழவேற்காடு கடைத்தெருவில் தபாலாபீசுக்கு எதிரே கடிதமும் மனுவும் எழுதுபவன். முக்காலியில் உட்கார்ந்து, மடியில் பலகை வைத்து, தாள் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கல்லை வைத்திருந்தேன். 1981 மார்ச் 21, சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி.

"பாய், எல்லாரும் சொல்றதையும் எழுது," என்றார் பெருமாள். "அப்பன்காரன் ஜெயில்ல இருக்க சொல்ல, புள்ளைய நாம எப்படித் தூக்கி ஒருத்தர் கையில குடுக்கறது? நாகப்பன் கடுதாசியப் படிச்சிட்டு யாருகிட்ட வுடச் சொல்றானோ அவங்ககிட்டதான் புள்ள. அது வரைக்கும் யாரும் சண்டை கட்டக் கூடாது."

நாகப்பன் அம்மணியின் கணவன். கருப்பனுக்குத் தம்பி. அவன் ஜெயிலுக்குப் போனது மார்ச் 4ஆம் தேதி நடந்த சண்டையால்.

இந்த ஊர் நண்டுமேடு. இங்கே இருப்பவர்களுக்கு வலை கிடையாது. தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். அக்கரை ஊர்க்காரர்கள் வலை போடுகிறவர்கள். இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்து ஏரியைப் பங்கு போட்டிருக்கிறார்கள். அதைப் பாடு என்பார்கள். கையால் பிடிப்பவர்கள் சேற்றைக் கலக்கிவிட்டால் வலைக்கு இறால் வருவதில்லை என்று மூன்று மாதமாக வாய்ச்சண்டை. நான்காம் தேதி காலை அக்கரைக்காரர்கள் ஐந்து தோணிகளில் வந்து இறங்கினார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. முதலில் அகப்பட்டவன் சாலமன். துடுப்பின் பக்கவாட்டால் தாடையில் விழுந்த ஒரே அடியில் பற்கள் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தன. பிறகு குடிசைகளுக்கு மண்ணெண்ணெய். கூரைகள் ஒவ்வொன்றாகப் பற்றின. நாகப்பன் கையில் மீன் நறுக்கும் கத்தி இருந்தது. தன் வீட்டுக்கு நெருப்பு வைத்தவனின் தோளில் ஒரு போடு போட்டான். கை, தோலில் மட்டும் தொங்கியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் அந்த ஆள் இறந்தான்.

அன்று செத்தது இரண்டு உயிர். மற்றொன்று முனியம்மாளின் மூன்று மாதப் பெண் குழந்தை. குடிசைப் புகையில் மூச்சடைத்து இறந்ததாகப் போலீசுக்கு மனு எழுதியவன் நான்தான்.

கருப்பன்தான் முதலில் பேசினான்.

"எழுது பாய். எம் பொண்ணு போயிடுச்சு. அத்த வுடு. எந்தம்பி புள்ளையாவது தங்கணும். அம்மணி பைத்தியம். அன்னிக்கு இவ இன்னா பண்ணினா தெரியுமா? தண்ணியில நின்னுகினு, புள்ள வாயில கயித்தைத் திணிச்சுக் கட்டி வெச்சிருந்தா. நான் போயிதான் பாத்தேன். இதோ அந்தக் கயிறு."

மடியிலிருந்து ஒரு முழம் கயிற்றை எடுத்து நாட்டாண்மை முன் போட்டான். பறிக்கயிறு. பனையோலையில் பின்னிய குடுவை போன்ற கூடைக்குப் பறி என்று பெயர். தண்ணீரில் இறங்கும் பெண்கள் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி மார்புக்கு முன்னால் மிதக்கும். இரண்டு கையும் சேற்றில் இருக்கும். அகப்பட்ட இறாலைப் பறிக்குள் போட்டுக்கொண்டே போக வேண்டும். வாயைத் திறந்தால் பறி போய்விடும். அதனால் வேலை முடிந்து கரையேறும் வரை அவர்கள் பேசுவதில்லை.

நான் எழுதினேன்: 'குழந்தையின் வாயில் கயிற்றைத் திணித்தாள் என்று கருப்பன் கூறினான்.' சொன்னதைச் சொன்னபடி எழுதுவேன். எழுதியதை அடிக்க மாட்டேன். பதினெட்டு வருடப் பழக்கம்.

"இன்னும் கேளு," என்றான் கருப்பன். "நான் தூக்கியாந்து மூணு நாளா எங்க ஊட்டுல கீறான். ஒரு சொட்டு அழல. ஆத்தாளைத் தேடல. பெத்தவ மேல பாசம் இருந்தா புள்ள அழாதா? நீங்களே சொல்லுங்க."

பின்னால் இருந்த ஆண்கள் முனகினார்கள். அது சரியான கேள்வியாகத்தான் எனக்கும் பட்டது.

"முனியம்மா, நீ சொல்லு," என்றார் பெருமாள்.

முனியம்மாள் திருப்பாலைவனத்துப் பக்கம் நெல் விளையும் ஊரிலிருந்து இங்கே வாழ வந்தவள். இறால் பிடிக்க ஏரியில் இறங்கியவள் அல்ல. பால் கட்டி, ரவிக்கை நனைந்திருந்தது. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"நல்லா சாப்புடறான். குடுத்தா குடிக்கிறான். சும்மா குந்திக்கினு இருக்கான், சாமி மாதிரி. அழவே இல்ல."

"அக்கா," என்று அம்மணி வெயிலிலிருந்து கூப்பிட்டாள். "எதையாச்சும் கடிச்சிக்கினு இருந்தானா?"

"உன்னை யாருடி கேட்டது?" என்றான் கருப்பன்.

"அக்காவைத்தான் மாமா கேக்கறேன். கடிச்சானா அக்கா?"

முனியம்மாள் யோசித்தாள். "ஆமா. தடுக்கு ஓரத்தைக் கடிச்சான். எம் முந்தானையைக் கடிச்சிக்கினே இருந்தான். புடுங்கினா மறுபடியும் எடுத்து வாயில வெச்சிக்கிறான். பல்லு மொளைக்குது."

"பல்லு இல்லக்கா." அம்மணி தலையை ஆட்டினாள். "கயிறுக்கா அது. நான் தண்ணியில இருக்கேன்னு நெனைச்சிக்கினு இருக்கான். மூணு நாளா கரையில குந்திக்கினு இருக்கான் எம் புள்ள. இன்னும் வேலை முடியலயா, இன்னும் முடியலயான்னு."

ஆண்கள் பக்கம் ஒருவன் சிரித்தான். "தந்தி ஆபீசு தொறந்துட்டாங்கடா."

அம்மணிக்கு ஊரில் அதுதான் பட்டப்பெயர். இவனுக்கு இப்போது பசி இல்லை, கோபம். இவன் காக்காவைப் பார்த்து அது எங்கே போகிறது என்று கேட்கிறான். இப்படிக் குழந்தை மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பாள். உன் பிள்ளை தந்தி அடித்தானா என்று கேலி பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். நாகப்பனுக்கு ஜெயிலுக்கு முதல் கடிதம் எழுத என்னிடம் வந்தபோது, "சின்னதம்பி சொல்றான்னு எழுது பாய்" என்றாள். பேசாதவன் சொன்னதை எழுத முடியாதம்மா என்று அனுப்பிவிட்டேன்.

"சிரிக்காதீங்க," என்று அம்மணி எழுந்தாள். "நான் எறங்க சொல்ல கரையில குந்த வெச்சி ஒரு துண்டுக் கயித்தை அவன் கையில குடுப்பேன். நான் கடிச்சிக்கினு போவேன், அவனும் கடிச்சிக்குவான். ரெண்டு பேரும் வேலை செய்யறோம்னு நெனைப்பு அவனுக்கு. வாயால பேச முடியாது, மூக்கால முனகுவேன். நான் முனகினா அவனும் முனகுவான். மேல ஏறி வந்து அவன் வாயிலருந்து கயித்தை எடுப்பேன். எடுத்தா வேலை முடிஞ்சிச்சுன்னு அர்த்தம். அப்பறம்தான் பால். அன்னிக்கு தோணி வந்தப்போ புள்ளையத் தூக்கிக்கினு கோரைக்குள்ள கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னேன். வெட்டறவன் பக்கத்துலயே நின்னான். இவன் அழுதிருந்தா ரெண்டு பேரும் செத்தோம். வேற இன்னா செய்ய? கயித்தை எடுத்து நான் கடிச்சேன். அவன் பாத்தான். மறு மொனையை அவனே வாங்கிக் கடிச்சிக்கினான். நான் கட்டல. நல்லா பாருங்க அந்தக் கயித்தை."

பெருமாள் கயிற்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். ஒரு முனையில் பெரிய பற்கள் அழுந்திய தடம். மறு முனையில் நார் பிரிந்து, மேலே இரண்டு, கீழே இரண்டு, அரிசி போன்ற குழிகள்.

"நடிக்கிறா," என்றான் கருப்பன். எழுந்து இருபது அடியை நாலு எட்டில் கடந்தான். காலைத் தூக்கியதை நான் பார்த்தேன். அம்மணியின் வாயில் உதைத்தான். அவள் மல்லாந்து விழுந்தாள். முடியைச் சுற்றிப் பிடித்து மணலில் இழுத்தான். "சொல்லுடி, கட்டினேன்னு சொல்லுடி." முகத்தை மணலில் வைத்துத் தேய்த்தான். பெண்கள் கூச்சல் போட்டார்கள். ஒருத்தி அவன் முதுகில் கல்லால் அடித்தாள். அவன் திரும்பக்கூட இல்லை.

அப்போதுதான் மூன்று நாளாக அழாத குழந்தை அழுதது.

அதை அழுகை என்று எழுத எனக்குத் தயக்கம். உடம்பு வில்லாக வளைந்து, கண் செருகி, மூச்சு திரும்பாமல் வந்த கத்தல். முனியம்மாள் குழந்தையைக் குலுக்கினாள். மார்போடு அழுத்தினாள். "அழாதே, அழாதே, கேட்டுடும், அவங்களுக்குக் கேட்டுடும்," என்றாள். யாருக்குக் கேட்கும் என்று எனக்கு அந்த நேரத்தில் புரியவில்லை. அவள் கண்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தன. வலது உள்ளங்கையை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தாள். மூக்கையும் சேர்த்து மூடியது அந்தக் கை. அழுத்தினாள்.

சத்தம் நின்றது. குழந்தையின் கால்கள் மட்டும் உதைத்தன. பிறகு மெதுவாக உதைத்தன.

"கையை எடு அக்கா!"

அம்மணி எப்படி விடுபட்டாள் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய ஒரு கொத்து முடி கருப்பனின் விரல்களிலேயே இருந்தது. அவன் மறித்த கையில் கடித்தாள், சதை வந்தது. பாய்ந்து முனியம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு வளைத்து எடுத்தாள். குழந்தையின் உதடு நீலம். இரண்டு நிமிடமோ அரை நிமிடமோ, நான் எண்ணவில்லை. ஒரு விக்கல் வந்து, மூச்சு வந்தது. மறுபடியும் கத்தல்.

அம்மணிக்கு உதடு கிழிந்து பேச வரவில்லை. ரத்தமாக இருந்த வாயை மூடிக்கொண்டு மூக்கால் முனகினாள். ம்... ம்... குழந்தை கத்தலை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தது. கன்னத்தில் கை வைத்துப் பார்த்தது. அதன் வாயில் முனியம்மாளின் முந்தானை நூல் ஒன்று சிக்கிக்கொண்டிருந்தது. அம்மணி அதை இரண்டு விரலால் மெல்ல இழுத்து எடுத்தாள். உடனே குழந்தை அவள் மார்பில் முட்டியது.

வேலை முடிந்தது.

பெருமாள் குழந்தையைப் பார்க்கவில்லை. முனியம்மாளின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புகை," என்றாள் முனியம்மாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. "புகைதான். நானு... அழுதுச்சு. நிறுத்தவே இல்ல. கோரைக்கு அந்தப் பக்கம் அவங்க நின்னாங்க. சும்மா வாயைத்தான் பொத்தினேன். கொஞ்ச நேரம்தான்."

கருப்பனுக்கு எல்லோரையும் விடத் தாமதமாகத்தான் புரிந்தது. புரிந்தவுடன் குனிந்து துடுப்பை எடுத்தான். முதல் அடி முனியம்மாளின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் முக்காலி வரை கேட்டது. அவள் தடுக்கக் கையைத் தூக்கவில்லை. இரண்டாவது அடிக்கு ஓங்கும்போது நாலு பேர் அவன்மேல் விழுந்தார்கள். தலையால் முட்டி ஒருவன் மூக்கை உடைத்தான். சாலமனின் கட்டுப்போட்ட தாடையில் முழங்கையால் இடித்தான். துடுப்பு என் பலகையில் பட்டு, பலகை பிளந்து, மைக்கூடு என் வேட்டியில் கவிழ்ந்தது.

"எம் பொண்ண கொன்னுட்டியேடி! கொன்னுட்டு புகை மேல பழி போட்டியேடி!"

"மாமா," என்றாள் அம்மணி. பால் குடிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே வந்து, அவனுக்கும் முனியம்மாளுக்கும் நடுவில் நிற்காமல், முனியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொற்கள் ரத்தத்தோடு வந்தன. "அன்னிக்கு நீ எங்க இருந்த?"

கருப்பன் திமிறுவதை நிறுத்தினான்.

"சவுக்குத் தோப்புல ஒளிஞ்சிக்கினு இருந்த. ஊருக்கே தெரியும், யாரும் கேக்கல. நாங்க ரெண்டு பேரும் தண்ணியில இருந்தோம். நாலு முழம் தள்ளி அக்கா நின்னுச்சு. எம் புள்ளைக்கு என் பாஷை தெரியும், பதினோரு மாசம். அது மூணு மாசம் மாமா. கயித்தைக் கடிக்க அதுக்குப் பல்லு ஏது? எங்கிட்ட அது இருந்திருந்தா நானும் அதேதான் செஞ்சிருப்பேன்."

"உனக்குத் தெரியுமா?" என்று முனியம்மாள் கேட்டாள். "அன்னிலருந்து?"

"பாத்தேன்."

"ஏன்டி சொல்லல?"

அம்மணி குழந்தையை மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். கருப்பனைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். அவன் உட்கார்ந்த இடத்தில் மணலை அள்ளி அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

பெருமாள் தோணியை விட்டு இறங்கினார். "புள்ள ஆத்தாகிட்டதான். இதுக்கு நாகப்பன் வந்து சொல்லணும்னு இல்ல. ஆனா கடுதாசி போகணும், வாக்குக் குடுத்துட்டேன். எழுதி முடி பாய்."

எண்ணிப் பார்த்தேன். ஆறு பக்கம் ஆகியிருந்தது. சண்டை நடக்கும்போதே என் கை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. ஐந்தாம் பக்கத்தில், மை சிந்துவதற்கு முன்பே, 'புகை இல்லை, கை' என்று இருந்தது.

"நான்தான்னு எழுது பாய்," என்றாள் முனியம்மாள். தோள் தொங்கியது, முகம் சாம்பலாக இருந்தது. "கட்டை விரல் வெக்கிறேன். அம்மணி மேல இவரு சொன்னது பொய்யின்னும் எழுது."

"ஜெயில்ல கடுதாசியைப் பிரிச்சிப் படிப்பாங்களா பாய்?" என்று அம்மணி கேட்டாள்.

"படிச்சுட்டுத்தான் குடுப்பாங்க."

"அப்ப கிழி."

"நான் எழுதினதைக் கிழிச்சது இல்லம்மா."

"ஒரு புள்ள போச்சு. அதுக்காக அதைப் பெத்தவளையும் போலீசு இஸ்துக்கினு போவணுமா? இன்னா பாய் படிப்பு படிச்ச நீ? கிழி."

துளசிங்கம் சைக்கிள் மணியை ஒருமுறை அடித்தார். பதினொன்றேகால் ஆகியிருந்தது. நான் ஆறு பக்கத்தையும் கிழித்தேன். கருப்பன் சொன்னது, அம்மணி சொன்னது, கயிறு, கை, எல்லாம் போயிற்று. துண்டுகளை அம்மணி வாங்கி, பக்கத்தில் கிடந்த தன் பறிக்குள் போட்டுக்கொண்டாள். முனியம்மாள் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அதனால்தான் இப்போது இதை எழுதுகிறேன்.

புதுத் தாள் எடுத்தேன். பிளந்த பலகையின் பெரிய பாதியை மடியில் வைத்தேன். மைக்கூட்டின் அடியில் தங்கியிருந்தது ஒரு பக்கத்துக்குப் போதும்.

"சொல்லும்மா. இன்னா எழுதணும்?"

அம்மணி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அது பால் குடிப்பதை நிறுத்திவிட்டு என் பேனாவைப் பார்த்தது.

"எல்லாரும் சொகம்னு எழுது. அக்காவுக்குத் தோள்ல அடின்னு எழுது, விழுந்துடுச்சுன்னு. புள்ள எங்கிட்ட கீறான்னு எழுது." பிறகு தயங்கினாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. "அப்பறம்... இவன் ஒண்ணு சொல்றான். நீதான் எழுத மாட்டியே."

"இன்னா சொல்றான்?"

"நைனாவும் தண்ணிக்குள்ளதான் கீறாருன்னு நெனைக்கிறான். வேலை முடிஞ்சதும் மேல வந்துருவாருன்னு. அது வரைக்கும் அழாம குந்திக்கினு இருப்பானாம்."

எழுதினேன். 'உங்கள் மகன் சின்னதம்பி சொல்வதாவது' என்று தொடங்கி, அவள் சொன்னபடியே. கீழே தேதி போட்டேன். அம்மணி இடது கட்டை விரலை மையில் தொட்டு வைத்தாள். அதன் பக்கத்தில், யாரும் சொல்லாமலே, முனியம்மாளும் நல்ல கையால் வைத்தாள்.

தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டேன். பசை கொண்டு வரவில்லை. ஒரு பெண் வீட்டுக்கு ஓடி நாலு சோற்றுப் பருக்கை கொண்டு வந்தாள். உறையின் விளிம்பில் வைத்து நசுக்கித் தேய்த்தேன். குழந்தை கையை நீட்டி அதன்மேல் ஒரு தட்டு தட்டியது. ஒட்டிக்கொண்டது. துளசிங்கம் உறையை வாங்கி, டிக்கெட் பைக்குள் டிக்கெட்டுகளுக்கு அடியில் வைத்து, பட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தார்.